வாணவேடிக்கைக்குச் சாட்சி

ஒரு கலைக்கு வரலாறு எழுத வேண்டுமானால் அது எதையாவது மிச்சம் வைத்துப் போயிருக்க வேண்டும். கோயிற்கலைக்குக் கல் மிஞ்சுகிறது. இசைக்குக் குருவழிப் பாடம் மிஞ்சுகிறது. கூத்துக்கு அணிகலனும் உடுப்பும் மிஞ்சுகின்றன. வாணவேடிக்கையோ நடந்து முடியும்போதே தன் சான்றுகளையும் எரித்துவிடுகிறது. மருந்து சாம்பலாகிறது, தாள் உறை சிதறுகிறது, புகையைக் காற்று கொண்டுபோகிறது. அதன் பழமையைப் பற்றி நமக்குத் தெரிந்தவையெல்லாம் பார்த்து எழுதியவர்களும் வரைந்தவர்களும் படமெடுத்தவர்களும் விட்டுச்சென்றவையே. பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் 1443-இல் விஜயநகரத்தின் மகாநவமி விழாவைப் பார்த்து எழுதிவைத்ததால்தான், அந்த விழாவில் வாணங்கள் கொளுத்தப்பட்டன என்பதை இன்று அறிகிறோம். எனவே வாணவேடிக்கையின் வரலாற்றைக் கேட்கும் எவரும் அதற்கு முன்னதாக வேறொன்றைக் கேட்டாக வேண்டும்: அதன் படத்தை உண்டாக்கும் வசதி எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது? சென்ற இருநூற்றெழுபது ஆண்டுகளின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. டிஜிட்டல் கேமரா வாணவேடிக்கைப் படத்தின் தோற்றத்தைப் பெரிதாக மாற்றிவிடவில்லை. படத்தை எடுக்கும் கைகளை மாற்றியது. வேடிக்கைக்குச் செலவு செய்தவர் சொன்ன கதைக்குப் பக்கத்தில், அதை வெறுமனே பார்க்க வந்தவரின் சாட்சியத்தையும் அது வைத்தது. அதன் உண்மையான வரலாற்றுப் பங்கு இதுதான்.

ஐரோப்பிய அரசவைகளில் வாணவேடிக்கை அரசியலின் ஓர் அங்கமாக இருந்தது. போரில் வென்றாலும், உடன்படிக்கை எழுதினாலும், இளவரசர் பிறந்தாலும் அரண்மனைத் தோட்டத்தில் மரத்தாலும் துணியாலும் ஒரு பெரிய மண்டபம் எழுப்பி, அதைச் சுற்றி வாணங்களைக் கொளுத்துவார்கள். விழா சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் புகழ் பிற நாடுகளுக்கும் போய்ச் சேர வேண்டுமே என்பதற்காகச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களை வெளியிட்டார்கள். அந்தப் படங்கள் பல நேரங்களில் விழாவுக்கு முன்பே தயாராகிவிடும். செதுக்கும் வேலைக்கு நாள் பிடிக்கும், விற்பனையோ விழா நாளில்தான் சூடாக இருக்கும் என்பதால், நடக்கப்போவதை நடந்ததாக வரைவது தொழில் வழக்கமாயிற்று. 1749 ஏப்ரல் 27 அன்று லண்டன் கிரீன் பார்க்கில் நடந்த விழா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முந்தைய ஆண்டு கையெழுத்தான எக்ஸ்-லா-ஷப்பெல் உடன்படிக்கையைக் கொண்டாட, இத்தாலியரான செர்வான்தோனி மண்டபத்தை வடிவமைத்தார். ஹாண்டெல் அதற்கென்றே இசை அமைத்தார். அன்று மழை பெய்தது. வாணங்கள் பல எதிர்பார்த்தபடி எரியவில்லை. மண்டபத்தின் ஒரு பகுதியில் தீப்பிடித்தது. ஆத்திரமடைந்த செர்வான்தோனி, வாண ஏற்பாடுகளுக்குப் பொறுப்பாளரான சார்லஸ் பிரெடெரிக்கின் மீது வாளை உருவினார். ஆனால் அந்த விழாவுக்கென அச்சான படங்களில் மண்டபம் முழுதாக நிற்கிறது. எல்லா வாணங்களும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று இணையாக, அளந்து வைத்ததுபோல மேலெழுகின்றன. குளறுபடியை நாம் அறிவது அன்று அங்கிருந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளால்தான். எழுதத் தெரிந்தவரால் அரசனின் படத்தை மறுத்துச் சொல்ல முடிந்தது. எழுதத் தெரியாமல் அன்று மழையில் நனைந்து நின்றவர்கள் கண்டதற்கு எந்தப் பதிவும் கிடைக்கவில்லை.

அந்த அச்சுப் படங்களில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. செதுக்குபவர் ஒரு கணத்தை வரையவில்லை. முதலில் எழுந்த வாணத்தையும் கடைசியில் சுழன்ற சக்கரத்தையும் ஒரே சட்டகத்தில் சேர்த்தார். ஒவ்வொரு வாணமும் தரையிலிருந்து உச்சி வரை போன பாதை முழுவதையும் ஒரே கோடாக இழுத்தார். ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒரு தாளில் அடுக்கப்பட்டது. கேமரா பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வாணவேடிக்கைப் படத்தின் இலக்கணம் இப்படி அமைந்துவிட்டது: பாதையைக் கோடாக்கு, காலத்தை அடுக்காக்கு. ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுக்கும் நம் கால நீண்ட எக்ஸ்போஷர் படங்களும் இதைத்தான் செய்கின்றன.

பதிவு என்றாலே அரசருடையது என்று சொல்லிவிட முடியாது, ஜப்பான் இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. இன்றைய டோக்கியோவான எதோ நகரில், சுமிதா ஆற்றின் ரியோகொகுப் பாலத்தருகே கோடைதோறும் நடந்த வாணவேடிக்கை 1733-இல் தொடங்கியதாக மரபு சொல்கிறது. ஹிரோஷிகே 1858-இல் வெளியிட்ட ரியோகொகு வாணவேடிக்கை மரக்கட்டை அச்சுப் படம், எதோ நகரின் நூறு காட்சிகள் என்ற அவருடைய புகழ்பெற்ற வரிசையில் ஒன்று. அதில் அரசனும் இல்லை, மண்டபமும் இல்லை; இருண்ட ஆறும் படகுகளும் பாலத்தில் நெருக்கியடித்த கூட்டமும்தான். நகரத்துச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் அத்தகைய படங்கள் விற்றன. பார்வையாளரின் இடத்தில் நின்று வாணவேடிக்கையைக் காட்டியதில் அது ஐரோப்பிய அரசவை அச்சுகளைவிடப் பல படிகள் முன்னே இருந்தது. ஜப்பானிய அச்சுகளை விரும்பிச் சேகரித்த ஓவியர் விஸ்லர், லண்டனின் கிரிமோர்ன் தோட்டத்து வாணத்தை 1875-இல் ஏறத்தாழ இருட்டும் பொறியும் மட்டுமாகத் தீட்டினார். விமர்சகர் ரஸ்கின் அதைக் கடுமையாகத் தாக்கி எழுத, விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். 1878-இல் வென்றும் அவருக்குக் கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. ஆயினும் இந்த இரு எடுத்துக்காட்டுகளும் என் வாதத்தைக் குலைக்கவில்லை. எதோவின் மக்கள் தங்கள் விழாவின் படத்தை வாங்கினார்கள். அவர்கள் அதை உண்டாக்கவில்லை. பார்வையாளரின் பார்வை படத்துக்குள் வந்தது, ஆனால் ஹிரோஷிகே போன்ற ஒருவர் அதைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

1839-இல் புகைப்படக்கலை பொதுவுக்கு அறிவிக்கப்பட்டபோது இந்த நிலை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்பதற்குக் காரணம் வேதியியல். 1830-களில் வாணக்காரர்கள் பொட்டாசியம் குளோரேட்டைக் கையாளத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு முன் கரித்தூளும் இரும்புத்தூளும் தந்த பொன்னிறம்தான் வாணத்தின் முதன்மை நிறம். குளோரேட் வந்த பின் ஸ்ட்ரோன்ஷியம் உப்பால் சிவப்பும், பேரியம் உப்பால் பச்சையும், செம்பு உப்பால் நீலமும் கண்ணைப் பறிக்கும் அடர்த்தியில் கிடைத்தன. வாணவேடிக்கை நிறம் பெற்ற அதே பத்தாண்டில் புகைப்படம் பிறந்தது. ஆனால் பிறந்த குழந்தைக்கு அந்த நிறங்கள் தெரியவில்லை. 1851-இல் வந்த ஈரக் கொலோடியன் தகடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்றாக உணர்ந்தது. சிவப்பு அதற்கு இருட்டுதான். பொன்னிறமும் ஏறத்தாழ அப்படியே. அதோடு, தகட்டில் மருந்தைப் பூசி ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். 1871-இல் மேடக்ஸ் ஜெலட்டின் உலர்தகட்டுக்கு வழிகாட்டினார். 1873-இல் ஃபோகல் சாயமேற்றி, பச்சையையும் தகடு உணரும்படி செய்தார். சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தகடு கடைக்கு வர 1906 ஆயிற்று. அவையும் கறுப்பு வெள்ளைதான். 1907-இல் வந்த ஆட்டோகுரோம் வண்ணத் தகடு நிறத்தைப் பதித்தாலும், வெயிலிலேயே வினாடிக்கணக்கில் திறந்திருக்க வேண்டிய அளவுக்கு மந்தமானது. 1935-இல் அறிமுகமான கோடகுரோமுக்குப் பிறகே வாணத்தின் நிறத்தைப் பிலிமில் பிடிப்பது நடைமுறைக்கு வந்தது. நிறம் வானத்தில் தோன்றி, அது படத்தில் விழ ஒரு நூறாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

கேமராவைப் பொதுமக்கள் கையில் கொடுத்தது 1888-இன் கோடக் பெட்டிதானே, டிஜிட்டலுக்கு ஏன் அந்தப் பெருமை என்பது அடுத்த மறுப்பு. பகல் வெளிச்சத்தைப் பொறுத்தவரை இது முழு உண்மை. குடும்பம், பயணம், தெரு என்று அந்தப் பெட்டியும் அதன் வழித்தோன்றல்களும் சாதாரண மக்களின் வாழ்வைப் பதிவுசெய்தன. ஆனால் அவை வெயிலுக்காகச் செய்யப்பட்ட கருவிகள். இரவு வாணத்தைப் பிடிக்க முக்காலியும், விருப்பம்போல் திறந்துவைக்கக்கூடிய ஷட்டரும், லென்ஸின் துளையான அப்பர்ச்சரைக் கையால் மாற்றும் வசதியும் தேவை. அவையெல்லாம் வாய்த்தவர்களும் ஷட்டரைத் திறந்துவைத்து, ஒரு வாணம் முடிந்ததும் லென்ஸின் முன் கறுப்பு அட்டையைப் பிடித்து மறைத்து, அடுத்த வாணம் எழும்போது அட்டையை விலக்கி, இப்படி மூன்று நான்கு வாணங்களை ஒரே பிலிமில் சேர்த்தார்கள். நுட்பம் எளிதுதான், கற்றுக்கொள்வதுதான் கடினம். எடுத்தது சரியா என்று தெரிய ரோல் முடிந்து, அது ஸ்டுடியோவில் கழுவி வர வேண்டும். அதற்குள் திருவிழா முடிந்திருக்கும். அடுத்த வாய்ப்பு அடுத்த ஆண்டு. தவறு நடந்த இடத்துக்கும் அது தெரியவரும் நாளுக்கும் நடுவே இருந்த இந்த இடைவெளிதான், வாணவேடிக்கைப் படத்தைத் தொழில்முறையாளரிடமும் விடாப்பிடியான சிலரிடமும் நிறுத்திவைத்தது. விலை இரண்டாவது தடை.

டிஜிட்டல் கேமரா உடைத்தது இந்த இடைவெளியை. 1969-இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் சிசிடி என்னும் ஒளியுணர் சில்லை உருவாக்கினார்கள். 1975-இல் கோடக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் கட்டிய, கையில் எடுத்துச்செல்லக்கூடிய முதல் டிஜிட்டல் கேமரா பத்தாயிரம் புள்ளிகளாலான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் எழுத 23 வினாடி எடுத்துக்கொண்டது. இவை தொழில்நுட்ப வரலாற்றின் மைல்கற்கள். ஆனால் நம் கதைக்கு இவற்றைவிடப் பெரிய ஆண்டு 1995. அந்த ஆண்டு வெளிவந்த காசியோ க்யூவி-10, எடுத்த படத்தை உடனே காட்டும் சிறு திரையை முதுகில் தாங்கி, பொதுமக்களின் விலைக்கு வந்தது. படத்தரம் சுமார்தான், ஆனால் எடுத்த இடத்திலேயே பார்த்துத் திருத்தும் பழக்கம் அதிலிருந்து பரவியது. 2003, 2004-இல் லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராக்கள் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கெட்டும் விலைக்கு இறங்கிவந்தபோது, அந்தப் பழக்கம் இரவு வானத்துக்கும் போயிற்று. முதல் வாணம் வெளிறிப்போனால் மூன்றாவது வாணத்துக்குள் சரிசெய்துவிடலாம். ஓராண்டு இடைவெளி அரை நிமிடமாகச் சுருங்கியது.

அந்த அரை நிமிடத்தில் கற்க வேண்டியது உண்மையில் ஒரேயொரு செய்திதான். அது பலருக்கும் முதலில் புரிவதில்லை. பகல் படத்தில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கூடினால் படம் வெளுக்கும். வாணத்தின் கோடு அப்படி வெளுப்பதில்லை. எரியும் மருந்துருண்டை ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதால், சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் அது ஒரு சிறு கணமே ஒளி வீசிக் கடந்துபோகிறது. ஆகவே கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை அப்பர்ச்சரும், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவும்தான். ஷட்டர் நேரம் தீர்மானிப்பது கோட்டின் நீளத்தையும், எத்தனை வாணங்கள் ஒரே படத்தில் சேர்கின்றன என்பதையும். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8-இலிருந்து 16-க்குள், ஷட்டர் இரண்டு முதல் ஐந்து வினாடி என்ற பொதுவிதி இதிலிருந்து பிறந்தது. பிலிம் காலத்து நிபுணர்களும் இதை அறிந்திருந்தார்கள். டிஜிட்டல் செய்தது, அந்த அறிவை மூன்றே வாணங்களின் செலவில் யாரும் பெறலாம் என்ற நிலையை உண்டாக்கியதுதான்.

இனி மிகக் கனமான மறுப்புக்கு வருவோம். நான்கு வினாடியின் கோடுகளை ஒன்றாக அடுக்கிய படத்தை எந்த மனிதக் கண்ணும் கண்டதில்லை. அப்படியிருக்க அது எப்படிச் சாட்சியமாகும்? கிரீன் பார்க் அச்சைக் குறைசொல்லிவிட்டு இதை மட்டும் எப்படி ஏற்பது? இதற்கு என் பதில், குறை அடுக்குவதில் இல்லை என்பதுதான். ஐந்நூறில் ஒரு பங்கு வினாடியில் வாணத்தை எடுத்துப் பாருங்கள். சிதறிய புள்ளிகள் மட்டும் விழும். அதையும் எந்தக் கண்ணும் கண்டதில்லை. கண் பார்ப்பது இரண்டுக்கும் இடையிலான ஒன்றை: நகரும் ஒளி விழித்திரையில் சற்றுத் தங்கி வாலாக நீள்கிறது, நினைவு அதைப் பூவாக முடித்துக்கொள்கிறது. வாணக்காரர் கட்டுவதும் புள்ளியை அல்ல, பாதையைத்தான். சாமந்தியாக விரிய வேண்டுமா, தென்னங்கீற்றாகத் தொங்க வேண்டுமா என்பதை, உருண்டைகளை எப்படி அடுக்குவது, எவ்வளவு நேரம் எரியவிடுவது என்ற கணக்கால் அவர் முடிவுசெய்கிறார். நீண்ட எக்ஸ்போஷர் அந்தக் கணக்கைக் கோடாகக் காட்டுகிறது. கிரீன் பார்க் அச்சின் குறை வேறு: நடக்காததை நடந்ததாகச் சொன்னது. டிஜிட்டல் கோப்போ எத்தனை வினாடி திறந்திருந்தது, எந்த நாள், எந்த நேரம் என்பவற்றைத் தன்னுள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. அந்தக் குறிப்பை மாற்ற முடியும் என்பது உண்மை. இருந்தாலும், தன் காலத்தைத் தானே இவ்வளவு விரிவாக அறிவிக்கும் படம் இதற்கு முன் அரிது.

பல படங்களைக் கணினியில் ஒட்டிச் சேர்ப்பதைப் பற்றியும் இதே அளவுகோலால் பேசலாம். அசையாத முக்காலியிலிருந்து தொடர்ந்து எடுத்து, அதிகப் பிரகாசமான புள்ளிகளை மட்டும் சேர்ப்பது கறுப்பு அட்டையின் வேலையையே செய்கிறது. ஒலிம்பஸ் 2014-இல் இதைக் கேமராவுக்குள்ளேயே செய்யும் வசதியைக் கொடுத்தது. வேறு ஊரில் வெடித்த வாணத்தை மதுரைக் கோபுரத்துக்கு மேல் ஒட்டுவது பொய். இரண்டுக்கும் நடுவில் மங்கலான எல்லை உண்டு. எடுத்தவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிட்டால் அந்த மங்கலும் தெளியும். பொய் சொல்லும் ஆசை தனிமனிதரிடம்தான் அதிகம் என்று நினைப்பதும் தவறு. 2008 ஆகஸ்ட் 8 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்கவிழாவில், கலைஞர் சாய் குவோ-சியாங் வடிவமைத்த 29 காலடித்தடங்கள் வாணங்களாக நகரத்தின் மேல் நடந்துபோயின. வாணங்கள் உண்மையில் வெடித்தன. ஆனால் உலகத் தொலைக்காட்சி வானிலிருந்து காட்டிய அந்தக் காட்சியின் பெரும்பகுதி முன்கூட்டியே கணினியில் உருவாக்கப்பட்டது என்ற செய்தி சில நாட்களில் வெளியாயிற்று. 1749-இன் செப்புத்தகடும் 2008-இன் கணினிக் காட்சியும் ஒரே நோக்கத்தில் பிறந்தவை: விழா எப்படி நினைவில் நிற்க வேண்டும் என்பதை விழாவுக்கு முன்பே முடிவுசெய்வது. வேறுபாடு ஒன்றுதான். 2008-இல் தெருவில் நின்றவர்களிடமும் கேமரா இருந்தது.

அந்தக் கேமராக்கள் எதற்குப் பயன்பட்டன என்பதை அடுத்த பத்தாண்டு காட்டுகிறது. 2012 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்தில், கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டிய வாணவேடிக்கை கணினிக் கட்டளைக் கோளாறால் அரை நிமிடத்துக்குள் மொத்தமாக வெடித்துத் தீர்ந்தது. கரையில் நின்றவர்கள் எடுத்த காட்சிகள் அன்றே உலகமெங்கும் போயின. 2016 ஏப்ரல் 10 விடியலுக்கு முன் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் போட்டி வாணவேடிக்கையின்போது வெடிக்கிடங்கில் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விழா பார்க்க வந்தவர்கள் கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்த காட்சிகள் அந்தப் பேரிடரின் நேரடிப் பதிவுகளாயின. 1770 மே 30 அன்று பாரிஸில், பின்னாளில் பதினாறாம் லூயியான இளவரசரின் திருமண வாணவேடிக்கை முடிந்து கூட்டம் நெரிந்ததிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த நெரிசலில் இருந்தவர்கள் யாரிடமும் அதைப் பதிக்கும் கருவி இல்லை. அழகைச் சேமிக்கவே மக்கள் கேமராவைத் தூக்கினார்கள். ஆனால் அழகு தவறும் இடத்தில் அது தானாகவே சாட்சியாகிறது.

கேமராவைப் பிடித்தவர் வேடிக்கையையே பார்ப்பதில்லை என்ற குறையும் அடிக்கடி எழுகிறது. கைபேசியை உயர்த்திப் பிடித்தவருக்கு அது பொருந்தக்கூடும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, கம்பியில் பொருத்திய விசையைக் கையில் வைத்திருப்பவர் திரையைப் பார்க்கத் தேவையில்லை. ஷட்டரை எப்போது மூடுவது என்று முடிவுசெய்ய அவர் வானத்தைத்தான் பார்த்தாக வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, புகை எங்கே தேங்குகிறது, அடுத்தது எந்த உயரத்தில் வெடிக்கும் என்று மற்றவர்களைவிடக் கூடுதலாகவே அவர் கவனிக்கிறார். புகையைக் கண் எளிதில் ஒதுக்கிவிடுகிறது. நான்கு வினாடி திறந்திருக்கும் சென்சார் அதை ஒதுக்குவதில்லை. அடுத்த வாணத்தின் ஒளியில் செம்மேகமாகப் பதித்துவைக்கிறது. விழாவின் விலையையும் சேர்த்துக் காட்டும் படம் இது.

இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்யும் சிவகாசியை நாட்டுக்குக் கொடுத்த தமிழகத்துக்கு இந்தச் சாட்சியத்தைக் காப்பதில் தனிப் பொறுப்பு உண்டு. உச்ச நீதிமன்றம் 2018-இல் பேரியம் உப்புகளைத் தடைசெய்தபோது, பச்சை நிறத்தை ஏறத்தாழ இருநூறாண்டாகத் தந்துவந்த பொருளின் மீதே கை வைத்தது. நம் திருவிழா வானத்தின் நிறம் அதற்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி மாறியது என்று நாளை ஓர் ஆய்வாளர் கேட்டால், விடை அரசு ஆவணத்தில் கிடைக்காது. ஆயிரக்கணக்கான பார்வையாளர்களின் கோப்புகளில்தான் கிடைக்கும். அவற்றுள் பெரும்பாலானவை ஊர் பெயரில்லாமல், வாணம் கட்டியவரின் பெயரில்லாமல், கோப்புக்குள் இருந்த தேதிக் குறிப்பும் பகிரும் வழியில் உதிர்ந்துபோய்க் கிடக்கின்றன. நெடுங்காலம் காத்திருந்து கைக்கு வந்த சாட்சியத்தை அனாதையாக விட்டுவிடக் கூடாது. எடுத்த படத்தின் மூலக் கோப்பை வைத்திருப்பதும், கோயில், ஊர், நாள், வாணக்காரர் பெயர் என நான்கு சொற்களை அதனோடு எழுதிவைப்பதும் பெரிய வேலையல்ல. அரசவையின் செதுக்குநர் மண்டபம் கட்டிய மன்னரின் பெயரைத் தவறாமல் பொறித்தார். வாணம் கட்டியவரின் பெயரைப் பொறிக்கும் வாய்ப்பு இப்போது கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அதைச் செய்தால், தன்னையே எரித்துக்கொள்ளும் இந்தக் கலைக்கு முதன்முறையாகக் கீழிருந்து எழுதப்பட்ட ஒரு வரலாறு கிடைக்கும்.